தமிழ் அறிந்தவர் வந்து பார்க்கட்டும்: தரச்சான்றுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் பட்டப்படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்கும் பெருமக்களுக்கும், பல்கலைக்கழகங்களின் தர உறுதிப் பிரிவினருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பினாங்கு பெருநிலத்தில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். பயிற்சிக்கு வரும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியராகவும் இருக்கிறேன். அண்மையில் என் வகுப்பில் நடந்த ஒன்றுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இரண்டாம் படிவ வகுப்பு. வலிமிகும் இடங்கள், அதாவது இரு சொற்களுக்கு இடையே க், ச், த், ப் சேரும் இடங்கள், அன்றைய பாடம். பயிற்சி ஆசிரியை வெண்பலகையில் ‘அந்தப் பையன்’ என்று எழுதினார். அதன் கீழே ‘வந்தப் பையன்’ என்று எழுதி, அந்த ‘ப்’பைச் சிவப்பு மையால் வட்டமிட்டார். ‘அந்த’ சுட்டு, அதன்பின் வலி மிகும். ‘வந்த’ பெயரெச்சம், மிகாது. இது உங்கள் தமிழ் விரிவுரையாளர் எவரைக் கேட்டாலும் தெரியும். முன்வரிசை மாணவி ஒருத்தி, “டீச்சர், தமிழ்ப்பள்ளியில ‘வந்த பையன்’னுதானே சொல்லிக் கொடுத்தாங்க?” என்று கேட்டாள். “ரெண்டும் ஒரே மாதிரிதானே முடியுது, அதனால ரெண்டுலயும் போடணும்” என்று பதில் வந்தது. அந்தப் பெண் தன் நோட்டில் சரியாக எழுதியிருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு, ‘ப்’ சேர்த்து எழுதினாள்.

அப்போது பின்வரிசையில் என் பக்கத்தில் பல்கலைக்கழக மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மலாயில் எழுதிய பாடக்குறிப்பைப் பார்த்தபடி மதிப்பீட்டுத் தாளை நிரப்பினார். வகுப்புக் கட்டுப்பாடு நன்று, பயிற்றுத் துணைப்பொருள் மிக நன்று. ‘பாட அறிவு’ என்ற கட்டத்திலும் உயர்ந்த புள்ளி. புள்ளி போட்டு முடித்த பிறகு, “மொழி எல்லாம் சரிதானே?” என்று என்னிடம் பணிவாகக் கேட்டார். நல்ல மனிதர். தமக்குத் தெரியாத மொழியை எடைபோடும் வேலையை அவரிடம் கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

மறுநாள் வகுப்பில் நானே திருத்தினேன். ஆசிரியையிடம் தனியாக விளக்கியபோது அவர் கண்கலங்கிவிட்டார். “நாலு வருஷத்துல யாரும் என் தமிழைத் திருத்தியதில்லை சார்” என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. தமிழைப் பாடமாகக் கொண்ட ஆசிரியர் பட்டத்துக்குத் தரச்சான்று தரும் முன், பயிற்றுப்பணியை மேற்பார்வையிடுவோர் தமிழ் அறிந்தவர்களா என்று பாருங்கள். மதிப்பீட்டுக் குழுவிலும் தமிழ் அறிந்த ஒருவரை அமர்த்துங்கள்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2007ஆம் ஆண்டு மலேசியத் தகுதிகள் முகமைச் சட்டமே தற்காலிகத் தரச்சான்று, முழுத் தரச்சான்று என்று படிகளை வகுத்திருக்கிறது. படிப்புகளுக்குத் தரச்சான்று வழங்குவதற்காக 2017இல் திருத்தி வெளியிட்ட நடைமுறைக் கோவையில் உள்ள ஏழு மதிப்பீட்டுக் கூறுகளில் மாணவர் மதிப்பீடும் உண்டு, கற்பிப்போரின் தகுதியும் உண்டு. பாடத்தின் அளவைக் குறிக்கும் ஒரு கிரெடிட்டுக்கு மாணவரின் 40 மணி நேர உழைப்பு என்று கணக்குப் பார்க்கிறோம். அந்த 40 மணி நேரத்தில் மாணவர் எழுதிய தமிழை வாசிக்க ஓர் ஆள் இருந்தாரா என்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டாமா? தமக்குத் தாமே தரச்சான்று அளித்துக்கொள்ளும் உரிமை பெற்ற பல்கலைக்கழகங்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

இடைநிலைப்பள்ளியில் தமிழின் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு. அந்த வகுப்பும் பல பள்ளிகளில் கால அட்டவணைக்கு வெளியே, பசித்த வயிற்றோடு பிள்ளைகள் காத்திருக்கும் மதிய வேளையில் நடக்கிறது. தமிழ்ப்பள்ளியை முடித்து வரும் பிள்ளைக்கு ஐந்தாம் படிவம் வரை கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தமிழாசிரியர்தான். அவர் தவறாகச் சொன்னால் திருத்த அடுத்த வகுப்பறையில் இன்னொருவர் இல்லை. அந்தத் தவறு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வின் விடைத்தாள் வரை போகும். வீட்டில் அப்பா அம்மா கெஞ்சி, பிள்ளையைத் தமிழ் எடுக்க வைத்து, கடைசியில் ‘தமிழ் எடுத்ததால்தான் ‘ஏ’ போச்சு’ என்று அந்தப் பிள்ளையே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 1816இல் இதே பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு விழா எடுத்தோம். விழா எடுத்த ஊரில் இப்படி நடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருளுங்கள். கேட்க வந்தது சிறியது. அடுத்த முறை மதிப்பீட்டுக்குப் போகும்போது, கோப்புகளோடு பயிற்சி மாணவர் ஒருவரின் பாடக்குறிப்பையும், அவர் திருத்திய கட்டுரை நோட்டுகள் சிலவற்றையும் கேட்டு வாங்குங்கள். தமிழ் அறிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பாடவேளை அவரை வகுப்பிலும் உட்கார வையுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால், என்னைப் போன்ற ஆசிரியர்கள் வரத் தயாராக இருக்கிறோம். பள்ளி விடுமுறையிலும் வருவோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். நன்றி.

இப்படிக்கு,
இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர் ஒருவர்,
பினாங்கு