வெள்ள காலப் பட்டியல்கள் வரைபடத்தில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

களனி கங்கை பெருகும்போதெல்லாம் நீர்மட்ட அட்டவணைகளும் பாதுகாப்பு நிலையங்களின் பட்டியல்களும் பெரும்பாலும் பி.டி.எஃப். ஆகவோ கைத்தொலைபேசியில் எடுத்த படமாகவோதான் மக்களை வந்தடைகின்றன. அவற்றை வாசிக்கலாம், ஆனால் வரைபடத்தில் ஏற்ற முடியாது. மட்டக்குளியில் முழங்காலளவு தண்ணீரில் நிற்பவருக்குத் தேவை கிட்டிய நிலையம் எது, எந்த வீதியால் போகலாம் என்பதுதான். தன்னார்வலர்கள் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து வரைபடத்தில் இட்டு முடிப்பதற்குள் அடுத்த பட்டியல் வந்துவிடுகிறது.

அந்தப் பி.டி.எஃப்.களில் பல எக்செல் அட்டவணையிலிருந்தே உருவாகின்றன. அதே அட்டவணையைச் சி.எஸ்.வி. கோப்பாகவும் (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) சேமித்துப் பக்கத்தில் போட்டுவிட்டால் கூகுள் மை மேப்ஸ், கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற வரைபட மென்பொருள்களில் சில நிமிடங்களில் ஏற்றிவிடலாம். சேமிக்கும்போது 'சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் 'சி.எஸ்.வி.' என்று சேமித்தால் தமிழும் சிங்களமும் கேள்விக்குறிகளாகிவிடும். பாமினி எழுத்துருவில் அடித்த பெயர்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றுவது அவசியம். இல்லாவிட்டால் வரைபடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

அதிகம் பிழை நேர்வது அமைவிட எண்களில், அதாவது அகலாங்கு நெட்டாங்கில்தான். 6 பாகை 55 நிமிடம், 79 பாகை 51 நிமிடம் என்பதைச் சிலர் 6.55, 79.51 என்று எழுதிவிடுகிறார்கள். கொழும்பில் உள்ள பாடசாலை களுத்துறைக்கு நேரே கடலுக்குள் போய்விடும். நிமிடத்தை 60ஆல் வகுத்து 6.9167, 79.85 என்று எழுதுவதே சரி. இரண்டு எண்களும் இடம் மாறினாலோ நிலையம் ஆர்க்டிக் சமுத்திரத்தில் போய் நிற்கும். கூகுள் மேப்ஸ் அகலாங்கை முதலில் தருகிறது, ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்போ நெட்டாங்கை முதலில் கேட்கிறது. ஆகவே நிரல்களுக்கு மேலே எது எதுவென்று எழுதிவிட வேண்டும். இன்னொன்று, எக்செல் தன் திரையில் காட்டும் தசம தானங்களை மட்டுமே சி.எஸ்.வி.யில் எழுதும். இரண்டு தானம் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வரை பிசகலாம். ஐந்து தானம் இருந்தால் ஒரு மீற்றர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும்.

நில அளவைப் படங்களிலிருந்து எடுக்கும் எண்களில் வேறொரு சிக்கல் உண்டு. நம் நாட்டில் இரண்டு தேசியக் கட்டங்கள், அதாவது இடங்களை மீற்றரில் கிழக்கு, வடக்குத் தூரங்களாகக் குறிக்கும் முறைகள், புழக்கத்தில் உள்ளன. இரண்டுக்கும் தொடக்கப் புள்ளி பிதுருதலாகலை. பழைய கந்தவல (Kandawala) கட்டத்தில் அப்புள்ளியின் மதிப்பு 200,000, 200,000. 1999ஆம் ஆண்டுக் கட்டத்தில் அது 500,000, 500,000. எனவே கொழும்பிலுள்ள ஓர் இடத்தின் கிழக்குத் தூரம் ஒரு இலட்சத்தை ஒட்டியிருந்தால் அது பழையது, நான்கு இலட்சத்தை ஒட்டியிருந்தால் புதியது. கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் பழையதற்கு ஈ.பி.எஸ்.ஜி. (அமைவிட முறைகளுக்கான குறியீட்டெண்) 5234 என்றும் புதியதற்கு 5235 என்றும் கொடுத்து, பிறகு 4326க்கு, அதாவது ஜி.பி.எஸ். பயன்படுத்தும் முறைக்கு மாற்ற வேண்டும். பாகை எண்களாகவே இருந்தாலும் அவை பழைய கந்தவல அடிப்படையில் எடுத்தவை என்றால் அப்படியே ஜி.பி.எஸ். வரைபடத்தில் இடக்கூடாது. இட்டால் புள்ளி 200 மீற்றருக்கு மேல் விலகி விழும். கடலுக்குள் விழுந்த புள்ளி உடனே கண்ணில் படும், 200 மீற்றர் விலகியது யார் கண்ணிலும் படாது. கால்வாயின் மறுகரையில் உள்ள கட்டடத்துக்கு ஆட்களை அனுப்பிவிடும் என்பதால் இதையே நாங்கள் மிகவும் ஆபத்தான பிழையாகக் கருதுகிறோம்.

புதிதாகப் புள்ளி எடுப்பவர்கள் கட்டடத்துக்குள் நின்று எடுக்க வேண்டாம். கொங்கிறீற்றுக் கூரைக்குக் கீழே கைத்தொலைபேசி பல மீற்றர் தடுமாறும். மக்கள் உள்ளே நுழையும் வாயிலில், திறந்த வானத்தின் கீழ், திரையில் காட்டும் பிழை அளவு 5 மீற்றருக்குக் குறையும்வரை நின்று எடுக்கவும்.

அலகையும் எழுத வேண்டும். களனி கங்கையின் நீர்மட்டம் நாகலகம் வீதியில் அடியில் அளக்கப்படுகிறது, ஹங்வெல்லவில் மீற்றரில். நாகலகம் வீதியில் 7 என்றால் பெருவெள்ளம், ஹங்வெல்லவில் 7 என்றால் எச்சரிக்கை மட்டம். அலகு இல்லாமல் நிறம் தீட்டிய வரைபடம் இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

இடப்பெயரோடு கிராம அலுவலர் பிரிவின் குறியீட்டையும் சேர்க்க வேண்டும். 14,000க்கும் மேற்பட்ட பிரிவுகளில் ஒரே பெயர் பல மாவட்டங்களில் வருகிறது. பெயரை மூன்று மொழியிலும் தனித்தனி நிரலில் இடுவது நல்லது. எவரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்கென்றே தனிப் புலம் இருக்கிறது. கொழும்பில் எத்தனையோ ஒழுங்கைகளுக்கு அது இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருப்பவர்கள் இலவசக் கணக்கொன்றைத் திறந்து தம் தெருவின் பெயரைத் தாமே சேர்க்கலாம். தெருப்பலகையைப் பார்த்து எழுதுங்கள், கூகுள் மேப்ஸைப் பார்த்து எழுதாதீர்கள். அதன் உரிமம் அதற்கு இடம் தராது.

உரிமம் என்றதும் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. 'எவரும் பயன்படுத்தலாம், மூலத்தைக் குறிப்பிடவும்' என்ற ஒரு வரியும் இற்றைப்படுத்திய திகதியும் நேரமும் கோப்போடு இல்லாவிட்டால், பொறுப்பாக வேலை செய்பவர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள். வெளியிடாத பட்டியல்களை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மின்னணு வடிவில் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரப்பட வேண்டும். ஆனால் வெள்ளம் 14 நாள் காத்திருக்காது. பாதுகாப்பு நிலையங்களாக வழமையாகத் திறக்கப்படும் பாடசாலைகள், விகாரைகள், கோயில்கள், பள்ளிவாசல்களின் பட்டியலையாவது மழைக்கு முன்பே ஒவ்வொரு பிரதேச செயலகமும் இந்த வடிவில் வெளியிட வேண்டும்.

இங்ஙனம்,
வரைபடத் தரவுத் தன்னார்வலர்கள்,
கொழும்பு 13