கடலின் நேரத்துக்கும் ஒரு நடை வேண்டும்: இராமநாதபுரம் மாவட்டப் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், இம்மாவட்டத்துப் பேருந்துகளின் வழித்தடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யும் அதிகாரிகள் அனைவருக்கும், வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் பேருந்தே இல்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மதுரையிலிருந்து இராமேஸ்வரம் செல்லும் சாலையில் பகலில் எந்த நேரம் நின்றாலும் ஏதேனும் ஒரு வண்டி வந்துவிடும். எங்கள் குறை வேறு. பெருஞ்சாலையின் விலக்குகளிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் கிளைச்சாலைகளில், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்திலும் பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் பக்கத்திலும் உள்ள கரையோரச் சிற்றூர்களுக்கு ஓடும் நகரப் பேருந்துகளின் நேரம், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் செல்பவர்களை மட்டுமே மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டிருக்கிறது; கடலை நம்பிப் பிழைப்பவர்களின் நேரத்துக்கு அதில் இடமே இல்லை. அந்த இடத்தைத் தாருங்கள் என்பதுதான் இந்த மடலின் ஒரே கோரிக்கை.

கடலின் நேரத்தை முன்கூட்டியே கணித்துவிட முடியாது என்று நீங்கள் நினைக்கக்கூடும். எங்கள் கரையில் அது உங்கள் அட்டவணையைக் காட்டிலும் ஒழுங்கானது. பாக் நீரிணையில் இராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குச் சென்று மறுநாள் காலையில் கரை திரும்புகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆகவே எந்தக் கிழமை காலையில் எந்தத் துறையில் மீன் மிகுதியாக ஏலம் போகும், எந்த மாதத்தில் கூட்டம் குறையும் என்பதைக் கரையில் உள்ள சிறுவனும் சொல்வான். ஏலம் முடிந்த அரைமணி நேரத்துக்குள் கூடையுடன் பேருந்தில் ஏறினால்தான், வெயில் ஏறுவதற்குள் இராமநாதபுரம், பரமக்குடி, முதுகுளத்தூர்ச் சந்தைகளில் அந்த மீனுக்கு விலை உண்டு. ஒரு நடை தவறினால் மீன் கருவாட்டு விலைக்கு இறங்கிவிடும். அந்த நட்டத்தை வட்டிக்குப் பணம் வாங்கி ஏலம் எடுத்த பெண்தான் சுமக்கிறாள்.

பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் கடினமானது. மன்னார் வளைகுடாக் கரையில் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்துக்கு 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது என்று தாங்களே ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டவர்கள். பாசி அழிந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் எழுந்த அந்த ஒழுக்கத்தை எண்ணி இந்த மாவட்டமே பெருமைப்பட வேண்டும். ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசை போன்ற நாட்களில் இராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் ஆகிய இடங்களுக்குச் சிறப்புப் பேருந்துகள் விடப்படும்போது, கிளைச்சாலைகளில் ஓடும் வண்டிகளையே அதற்கு எடுத்துக்கொள்வதை நாங்கள் பார்த்து வருகிறோம். தீர்த்தமாட வருபவர்களுக்கு வண்டி வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. அவர்களுக்கு உள்மாவட்டங்களிலிருந்து வண்டி வரவழையுங்கள். மாதத்தில் 12 நாள் வேலை உள்ள பெண்ணிடமிருந்து, அந்த 12 நாட்களில் ஒன்றின் பேருந்தை எடுக்காதீர்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விலக்கு. பொழுது இன்னும் விடியவில்லை. நிழற்குடை இருக்கிறது, அதில் விளக்கு எரியவில்லை. ஐந்தாறு பெண்கள் அன்னக்கூடைகளோடு நிற்கிறார்கள். கூடைக்குள் சூடையும் நெத்திலியும், அதன்மேல் நொறுக்கிய ஐஸ், அதற்கும் மேலே நனைத்த சாக்கு. தண்ணீர் சிந்தாதிருக்க அடியில் உரச்சாக்கை மடித்து வைத்திருக்கிறார்கள். வண்டி நிற்கிறது. நடத்துநர் எட்டிப் பார்த்து, “தண்ணி ஒழுகும் ஆத்தா, ஆளுங்க சத்தம் போடுறாங்க. பின்னாடி வர்ற பஸ்ஸுல ஏறிக்கங்க” என்கிறார். பின்னால் வருவது தொலைதூர வண்டி; அது விலக்கில் நிற்காது. கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு குட்டியானை என்னும் சிறு சரக்கு வண்டியைப் பிடித்து, சரக்கோடு சரக்காக நின்றுகொண்டே போகிறார்கள். அந்த நடத்துநரை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பவர்களின் வசவையும் வெளியே நிற்பவர்களின் கெஞ்சலையும் ஒருவரே தாங்கும்படி அவரை விட்டுவிட்டது வண்டியின் அமைப்பு.

2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டம் தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை என்று நான் மனமார நம்புகிறேன். ஆயினும் அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் பொருந்துவது. நகரப் பேருந்து ஓடாத விடியற்காலையில், கூடை ஏற்றாத வண்டியில், அந்த விடுதலை எங்கள் பெண்களுக்கு எட்டவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சலில், மீன் வாடை அடிக்கிறது என்று மீன் விற்கும் ஒரு மூதாட்டியைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டபோது முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தண்டனை அந்த ஒரு நாளின் அநீதிக்கு விடை சொன்னது. கூடையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. அந்த விடையைக் கேரளம் 2021-இலேயே தேடத் தொடங்கியது: திருவனந்தபுரத்தில் ‘சமுத்ரா’ என்ற பெயரில், மீன் விற்கும் பெண்களுக்காகவே தாழ்தளப் பேருந்துகளை மாற்றியமைத்து, கூடைகளுக்கு இடம் ஒதுக்கி, கட்டணமின்றி இயக்கியது. எங்களுக்குத் தனிப் பேருந்துகூட வேண்டாம். கரையோரத் தடங்களில் ஓடும் வண்டிகளில் பின்படிக்கு அருகே இரண்டு இருக்கைகளை எடுத்துவிட்டு, தண்ணீர் வெளியே வடியும்படி ஒரு எவர்சில்வர் தட்டைப் பொருத்தினால் போதும். மூடியுள்ள பெட்டிகளை மீன்வளத் துறை மானியத்தில் கொடுத்தால் வாடையைப் பற்றிய புகாரும் பெரும்பாலும் நின்றுவிடும்.

விடியற்காலை நடை என்றதும் எழும் நடைமுறைச் சிக்கலும் எனக்குத் தெரியும். காலை நான்கரை மணிக்கு ஓர் ஊரிலிருந்து வண்டி கிளம்ப வேண்டுமானால், முந்தைய இரவே அது அங்கே ஹால்ட் ஆக வேண்டும். ஓட்டுநரும் நடத்துநரும் கொசுக்கடியில் பேருந்து இருக்கையிலேயே படுத்து, காலைக்கடனுக்குக் கருவேலங்காட்டைத் தேட வேண்டியிருந்தால், எந்த ஊழியர் அந்தப் பணியை விரும்பி ஏற்பார்? மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஓர் அறையை ஊராட்சிகளும் ஊர்க் கமிட்டிகளும் ஜமாஅத்துகளும் ஏற்பாடு செய்து தர முடியும். கேட்டால் மறுக்கும் ஊர் எங்கள் கரையில் இருக்காது.

2025-இல் அறிமுகமான புதிய மினி பஸ் திட்டத்தையும் கிளைச்சாலைகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் தனியார் வண்டி கூட்டமுள்ள நேரத்தைத்தான் நாடும். எனவே கரையோரத் தடங்களுக்கு அனுமதி வழங்கும்போதே விடியற்காலை நடை ஒன்றையும், இரவு எட்டு மணிக்குப் பிறகு விலக்கிலிருந்து ஊருக்குத் திரும்பும் நடை ஒன்றையும் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டுகிறேன். இரவு நடை விற்றுத் திரும்பும் பெண்களுக்கு மட்டுமல்ல. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உறவினரைப் பார்த்துவிட்டு, இருட்டில் விலக்கிலிருந்து நடந்து வருபவர்களுக்கும் வேண்டும்.

பாம்பனைப் பற்றியும் ஒரு சொல். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் ஓட்டம் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதிய இரயில் பாலம் திறக்கும் வரை, தீவு மக்கள் அனைவரையும் 1988-இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றே சுமந்தது. படம் எடுப்பதற்காக அதன்மேல் நிறுத்தப்படும் கார்களுக்குப் பின்னால் தங்கச்சிமடத்து மாணவர்களின் பேருந்து இன்றும் காத்து நிற்கிறது. விடுமுறை நாட்களிலாவது பாலத்தின் இரு முனைகளிலும் காவலர் நின்று, வண்டிகளை நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அவர்களே, தாங்கள் நடத்தும் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் பேருந்து நேரத்தை வகுக்கும் அதிகாரியையும் கட்டாயமாக அழையுங்கள். மீன் விற்கும் பெண்களும் பாசி எடுக்கும் பெண்களும் தங்கள் நேரத்தை அவரிடமே நேரில் சொல்லட்டும். அதன் அடிப்படையில் புதிய அட்டவணையைத் தயாரித்து, ஒவ்வொரு விலக்கு நிழற்குடையிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். ஜூன் 14 நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும். அவை முதல் மீனோடு கரை திரும்பும் காலைக்குள் கரையோரத் தடங்களில் விடியற்காலை நடை தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மன்னார் வளைகுடாக் கரையில் வாழும் ஒரு பேருந்துப் பயணி