நேரடியாகக் கேட்கலாம்

ஆசிரியருக்கு,

குமரி மாவட்டப் பள்ளிகளில் தற்கொலைத் தடுப்பு, உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10 அன்று மைதானத்தில் ஓர் உரையோடு முடிந்துவிடக் கூடாது. தேவை, ஆசிரியர்களுக்கான பயிற்சி. “மக்களே, சாகணும்னு தோணுதா?” என்று மாணவரிடம் நேரடியாகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ எனத் தயங்குகிறார்கள். தூண்டாது, பேச்சுதான் வரும். ‘ஆமா’ என்றால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கக்கூடாது. பெற்றோரை வரவழைத்து அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைக்கச் சொல்லவேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம். அந்த எண்ணைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டி என்ன பயன்? கழிவறைக் கதவில் ஒட்டுங்கள், தேர்வு முடிவுகள் வருமுன்பே.

– பள்ளி மனநல ஆலோசகர்கள் சிலர், நாகர்கோவில்