கட்டடப் பொறியாளர் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு தொழில்நுட்பக் கூட்டங்களைப் பல்கலைக்கழக அறிவியல் கட்டடங்களுக்கே ஒதுக்கினோம். வகுப்பறைக்குப் போட்ட வரைபடத்திலேயே வேதியியல் ஆய்வகத்தையும் கட்டிவிடலாம் என்ற எண்ணம் நம் தொழிலில் இன்னும் இருக்கிறது. காற்று, கழிவுநீர், வாயு, மின்சாரம் போகும் வழியை முடிவுசெய்த பிறகுதான் தூண்களை நிறுத்த வேண்டும் என்பதே எல்லாக் கூட்டங்களிலும் வலியுறுத்தப்பட்டது.

ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காகக் கட்டடக்கலைஞர் லூயி கான் வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வுக் கட்டடத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தை வடிவமைத்தவராக நாம் அறிந்தவர்தான். 1957இல் தொடங்கிய இந்த வடிவமைப்பில், கழிவுக்காற்றுக்கும் படிக்கட்டுக்கும் செங்கல் கோபுரங்களை வெளியே தனியாக எழுப்பி, ஆய்வகத் தளங்களை நடுவில் தூணில்லாத சதுரங்களாக விட்டார். கட்டமைப்புப் பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டண்ட். முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்த வீரெண்டீல் பீம்களின் (ஏணிபோல் நடுவில் திறப்புகள் உள்ள பீம்கள்) திறப்புகள் வழியே குழாய்கள் போயின. கட்டடம் உலகப் புகழ் பெற்றது. உள்ளே வேலை செய்தவர்கள் பட்ட பாடு வேறு. மூடாத குழாய்களில் தூசு படிந்தது. வெயில் மறைப்பு போதாமல் ஜன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டிக்கொண்டார்கள். அடுத்து கலிபோர்னியாவில் சால்க் ஆய்வு நிறுவனத்தைக் கட்டியபோது, கான் ஆய்வகத் தளங்களுக்கு மேலே குழாய்களுக்கென்றே 9 அடி உயரமுள்ள தனித் தளம் கொடுத்தார். நம் பட்ஜெட்டில் அது கஷ்டம். ஆனால் தளத்துக்குத் தளம் 4.2 மீட்டர் உயரத்தையும், குழாய்கள் மேலும் கீழும் போக, ஆள் நுழைந்து வேலை பார்க்கக்கூடிய ஷாஃப்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கூட்டங்களில் அதிக நேரம் எடுத்தது ஃப்யூம் ஹூட், அதாவது ஆய்வகத்தில் நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும், முன்பக்கம் கண்ணாடியுள்ள பெட்டி. 1.5 மீட்டர் அகல ஹூடின் முன்கண்ணாடியை 45 செ.மீ. தூக்கி, அந்தத் திறப்பில் காற்றுக்கு நொடிக்கு 0.5 மீட்டர் வேகம் வேண்டுமென்றால், மணிக்குச் சுமார் 1,200 கனமீட்டர் காற்று வெளியேறும். 9 × 6.6 மீட்டர், 3 மீட்டர் உயர அறையில் இரண்டு ஹூட் ஓடினால் அறைக் காற்று மணிக்கு 13 தடவைக்கு மேல் மாறுகிறது. அதை ஈடுகட்டப் புதுக் காற்று வராவிட்டால் கதவைத் திறப்பதே பாடாகிவிடும், சாக்கடை வாடை உள்ளே ஏறும், ஹூடின் இழுவையும் குறையும். ஹூடுக்கு எதிரே சீலிங் ஃபேன் மாட்டவே கூடாது. புகையை அறைக்குள் இழுத்துவிடும். மொட்டை மாடியில் புகைக்குழாய் குறைந்தது 3 மீட்டர் நேராக எழ வேண்டும். மழைக்குப் பயந்து மேலே தொப்பி வைத்தால் புகை கீழே திரும்பி, புதுக் காற்று உறிஞ்சும் வாய்க்கே போகும்.

இந்தக் கணக்கெல்லாம் ஸ்லாப் போடுமுன் முடிய வேண்டும். நம் பகுதியில் ஓர் அறிவியல் வளாகத்தில் டக்ட் (காற்றுக்குழாய்) வேலைக்கான டெண்டர் கான்கிரீட் போட்ட பிறகுதான் வந்தது. ஸ்லீவ் (குழாய் நுழையக் கான்கிரீட்டில் முன்கூட்டியே விடும் துளை) விடாததால், இறுகிய கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் செய்ய வேண்டியதாயிற்று, அதில் கம்பியும் சேர்ந்து அறுபட்டது. பீம் இல்லாத ஃபிளாட் ஸ்லாபில் தூணை ஒட்டித் துளையிட்டால், தூண் ஸ்லாபைக் குத்திக் கிழிக்கும் அபாயம் கூடும். சிவில், ஏ.சி., பிளம்பிங் மூவரும் ஒரே ஸ்லீவ் வரைபடத்தில் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட் லாரியை வரச்சொல்ல வேண்டும்.

ஆய்வகக் கழிவுநீருக்கு பி.வி.சி. வேண்டாம், அசிட்டோன் பட்டால் இளகும். பாலிபுரொப்பிலீன் குழாய் போடலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கி தரைத்தளத்தில், லிஃப்ட், ஜெனரேட்டர், பம்ப் மூன்றுக்கும் தள்ளி இருக்கட்டும்.

அவசரக் குளியல் ஷவருக்கு நிமிடத்துக்கு 76 லிட்டர் வீதம் 15 நிமிடம், அதாவது சுமார் 1,140 லிட்டர் இருப்பு வேண்டும். தண்ணீர் 38 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. மொட்டை மாடி வெயிலில் கிடக்கும் குழாய் சித்திரையில் அதைத் தாண்டிவிடும். அமிலத்தில் வெந்த உடம்பில் அது விழக்கூடாது. குழாயை உள்ளே கொண்டுபோங்கள், முடியாவிட்டால் காப்புறை சுற்றுங்கள்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் இளம் உறுப்பினர்களுக்கு ஸ்லீவ் வரைபடப் பயிற்சி நடத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அதற்கு ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்