மெகாபிக்சல் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு மனைவிக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கித் தர நினைத்து, வேலூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களைப் படமெடுப்பதில் அவளுக்குத் தனி ஆசை. செல்போனில் எடுத்தால், மண்டபத்து இருட்டில் யாளியின் பல்வரிசை சேறு பூசியது போலக் குழம்பி விடுகிறது.

ஒரு கடையில், "20 மெகாபிக்சல் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார்கள். மெகாபிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்குதான். படம் பதியும் சில்லான சென்சார் எந்த அளவு என்று கேட்டேன். பதில் இல்லை. வெளிச்சத்தை வாங்குவதே அதுதானே! அங்குலம் என்பது வகையின் பெயர்தான், நேரடி அளவல்ல. 1/2.3 அங்குல வகை என்றால் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர். 1 அங்குல வகை 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பில் ஏறக்குறைய நான்கு மடங்கு; இருட்டில் அவ்வளவு கூடுதல் வெளிச்சம் வாங்கும். ஜூமிலும் எந்த வகை என்று கேட்க வேண்டும். ஆப்டிகல் என்றால் லென்ஸ் நகர்ந்து பெரிதாக்கும். டிஜிட்டல் என்றால் எடுத்த படத்தையே வெட்டிப் பெரிதாக்கும்.

இன்னொரு கடையில், சீல் பிரித்தால் வாங்கியே ஆக வேண்டுமாம். சரி, ரகசியம் போனால் போகட்டும் என்று அவளையே அழைத்துப் போனேன். நான் தேர்ந்தெடுத்ததன் பட்டன்கள் அவள் கட்டைவிரலுக்குச் சிக்கவே இல்லை. கையில் பிடித்துப் பார்த்திருக்காவிட்டால் அது பீரோவில்தான் கிடந்திருக்கும்.

கடைக்காரர்கள் ஒரு டெமோ பீஸாவது வெளியே வைக்க வேண்டும், விலைச்சீட்டிலேயே சென்சார் அளவை எழுத வேண்டும். இதைத் தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்