கிறிஸ்துமஸ் சேலையும் விதவை உதவித்தொகையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். பின்னால் பேனர், நடுவில் சிறப்பு விருந்தினர், அவர் கையில் ஒரு முனையும் விதவைத் தாய் ஒருவரின் கையில் மறுமுனையுமாக ஒரு சேலை. கேமராவைப் பார்க்கச் சொல்வதால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ‘சபை சார்பில் நலத்திட்ட உதவிகள்’ என்று கீழே செய்தி. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டச் சேகரங்களில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) இந்த ஆண்டுக்கான பயனாளிப் பட்டியல் இப்போதே தயாராகிக்கொண்டிருக்கும். பட்டியல் முடிவாவதற்குள் சேகர கமிட்டிகளின் காதில் சில விஷயங்களைப் போட்டுவைக்கவே இந்தக் கடிதம்.

கொடுப்பதே தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கிக் கிடந்த நாள்களில், ஆலயக் கதவைத் திறந்துவிட்டு உலை வைத்துச் சோறு போடுவதுதான் செய்ய வேண்டிய வேலை. அந்த நேரத்தில் யாரிடமும் அட்டை கேட்கக் கூடாது, பெயர் கேட்கக் கூடாது. ஆனால் வெள்ளம் வடிந்து இரண்டு வருடம் கழிந்த பிறகும் அதே குடும்பத்துக்கு அதே பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த வீட்டில் என்ன குறை என்று நாம் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சேலையும் 5 கிலோ அரிசியும் எப்படிப் போட்டாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். வருடத்துக்கு ஒரு முறை. ஆதரவற்ற விதவைகளுக்கான மாத உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்த விகிதத்தில் பார்த்தாலே வருடத்துக்கு 14,400 ரூபாய். சபையில் வருடா வருடம் சேலை வாங்கும் விதவைகளில் எத்தனை பேருக்கு இந்தத் தொகை வருகிறது என்று கமிட்டியில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. அரிசி விஷயமும் அப்படித்தான். 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த வீட்டில் முட்டுப்பாடு எண்ணெய்க்கு, சிலிண்டருக்கு, வாடகைக்கு, வாரா வாரம் வாசலில் வந்து நிற்கும் குழுக் கடன் தவணைக்கு.

இன்னொரு செலவும் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மாலை நான்கு மணிக்கு வரச் சொல்வார்கள், விருந்தினர் வர ஏழு மணியாகும். வீட்டில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்ணுக்கு அந்த மூன்று மணி நேரம் என்பது இருநூறு, முந்நூறு பீடி. டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கான கூலியை அந்தப் பெண்தான் இழக்கிறாள்.

சரி, சேலைக்குப் பதிலாக என்ன செய்யலாம்? விதவை உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். இந்த வேலை துக்க வீட்டிலேயே தொடங்க வேண்டும். அடக்க ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தேதி எல்லாம் எழுதப்படுகிறது. ஐயரே (போதகரே) எழுதிக்கொண்டார், வேலை முடிந்தது என்று பல குடும்பங்கள் இருந்துவிடுகின்றன. ஆஸ்பத்திரியில் நடந்த மரணத்தை ஆஸ்பத்திரியே பதிவுக்கு அனுப்பிவிடும். வீட்டில் இறந்தால் குடும்பம்தான் போய்ச் சொல்ல வேண்டும். கிராம ஊராட்சியில் கிராம நிர்வாக அலுவலரிடம். 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் கிடையாது. ஓராண்டைத் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. துக்க வீட்டு ஜெபத்துக்குப் போகிறவர்கள் ஜெபம் முடிந்ததும் ‘பதிஞ்சாச்சா அக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டாலே பாதித் தொல்லை தீரும். ஏற்கெனவே காலம் கடந்துபோனவர்களுக்கு அந்த அடக்கப் பதிவேட்டின் நகல் நல்ல துணை ஆவணம். பீரோவில் பூட்டிக் கிடக்கும் அந்தத் தடித்த நோட்டைத் திறந்து, கடந்த ஐந்து வருடப் பெயர்களை ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து சரிபார்த்தால் யார் யாருக்கு இறப்புச் சான்று இல்லை என்பது தெரிந்துவிடும்.

அடுத்த சிக்கல் பெயர். ஞானஸ்நானப் பெயர் கிரேஸ் ஞானப்பூ, ஆதாரில் ஞானப்பூ, குடும்ப அட்டையில் பூவம்மாள் என்று இருந்தால் மனு அங்கேயே நிற்கும். கணவர் பெயரும் அப்படித்தான். இறப்புச் சான்றில் ஒன்று, அட்டையில் வேறொன்று. முதலில் ஆதாரையும் குடும்ப அட்டையையும் ஒன்றாக்கி, இறந்தவர் பெயரை அட்டையிலிருந்து நீக்கி, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் வரிசை மாறினால் மனு தள்ளுபடியாகும், மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். ஒப்புகைச் சீட்டின் எண்ணை அந்த அம்மாவின் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். கமிட்டிச் செயலாளரின் போனில் இருந்தால் போதாது. கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். அங்கே கிடப்பில் போட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம்.

இரட்டைப் பெயரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவரான தலித் மக்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. பல வீடுகளில் கோயிலில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் இருப்பதன் பின்னால் இந்த நெருக்கடி இருக்கிறது. இது எதுவும் தெரியாமல் அவர்கள் படத்தையும் பெயரையும் முகநூலில் ஏற்றுவது உதவியாகாது, உபத்திரவமாகத்தான் முடியும்.

இந்த இடத்தில் நல்ல மனதுள்ளவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. தாலுகா அலுவலகத்தில் ஆள் தெரிந்த சபை மூப்பர் ஒரு போன் போட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு அம்மாவுக்கு நன்மைதான். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவும் நாளைக்கு அதே மூப்பரின் திண்ணைக்கு வந்து நிற்க வேண்டும். போன் செய்து முடிப்பதும் தர்மம்தான், சேலை மாதிரியே. எட்டுப் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் போவதும், மனுவை அவரவர் கையில் வைத்திருப்பதும், அதிகாரியிடம் அவர்களே பேசுவதும், கூட வந்தவர்கள் பின்னால் நிற்பதும் வேறு. முதல் தடவை வாய் குழறும். மூன்றாவது தடவை அவர்களே வேறொருத்தியை அழைத்துக்கொண்டு போவார்கள்.

யார் முடிவெடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில் (தினசரி உணவுப் பங்கீட்டில்) கிரேக்க மொழி பேசிய விதவைகள் விட்டுவிடப்பட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. சபை என்ன செய்தது? இன்னொரு கூடை அப்பம் அனுப்பவில்லை. பந்தி விசாரணையையே ஏழு பேர் கையில் கொடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைசொன்ன பக்கத்தின் கையிலேயே சாவி போனது. நம் சேகரங்களில் சமூகப் பணிக் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் இருப்பார்கள். சேலை வாங்குகிற ஒருவராவது இருக்கிறாரா? பத்துப் பேர் குழுவில் ஐந்து இடம் அவர்களுக்குக் கொடுங்கள். ஒரே ஒருவரைப் போட்டால் அவர் வாய் திறக்க மாட்டார். கூட்டத்தை வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைக்காமல் இரவு ஏழு மணிக்கு மேல் அவர்கள் தெருவிலேயே வையுங்கள். வரவு செலவை வாய்விட்டு வாசியுங்கள். பந்தல், மைக் செட், பேனர், சால்வை, விருந்தினர் சாப்பாடு எல்லாம் எவ்வளவு, பொருளுக்குப் போனது எவ்வளவு என்று தனித்தனியாக.

சபையே முதலாளியாக இருக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். ஆலயம் பெருக்குபவர், கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுபவர், பள்ளிக்கூடத்து ஆயா, விடுதிச் சமையல்காரர் ஆகியோர் பெயரும் கிறிஸ்துமஸ் பட்டியலில் இருக்கிறதென்றால் நெஞ்சில் கைவைத்து யோசிக்க வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி சட்டப்படி கட்டாயம். சம்பளத்தையும் பி.எஃப்பையும் சரியாகக் கொடுத்தால் அவர் பட்டியலில் நிற்க வேண்டியதில்லை.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு அல்ல. 1799-இல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் தேடிக் குடியமர்த்தியதில் பிறந்தது முதலூர் என்ற ஊர். 1830-இல் மிஷனெரி ரேனியஸ் காலத்தில் தொடங்கிய தர்ம சங்கம், பெயரில் தர்மம் இருந்தாலும், செய்த வேலை நிலம் வாங்கிக் கொடுத்தது. விரட்ட முடியாத இடத்தில் மக்களை உட்கார வைத்தது. 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், பின்னாளில் பேராயரான வெள்ளாளன்விளைக்காரர் அசரியா, வெள்ளைக்கார மிஷனெரிகள் முகத்துக்கு நேரே நின்று பேசினார். ‘ஆஸ்தியை ஏழைகளுக்கு அன்னதானம் பண்ணினீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்’ என்பது அந்தப் பேச்சின் சாரம். அன்று அவர் அவர்களிடம் கேட்டதை இன்று நம் தெருக்களில் இருப்பவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் சேகரங்களிலிருந்து படம் வந்தால், வாங்குபவரின் முகம் தெரியும் படத்தைப் போடாதீர்கள். அந்த இடத்தில், உங்கள் மாவட்டத்தில் அடுத்த குறைதீர் கூட்டம் எந்தத் திங்கட்கிழமை, எத்தனை மணிக்கு, விதவை உதவித்தொகைக்கு என்னென்ன ஆவணம் கொண்டுபோக வேண்டும் என்று நான்கு வரி அச்சிடுங்கள். அதை நறுக்கி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சேகர சமூகப் பணியில் ஈடுபட்டுள்ள சபை உறுப்பினர்கள் சிலர்,
திருநெல்வேலி மாவட்டம்