ஞானப்பாட்டு மாலைக்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புக்குரிய சேகரத்து மக்களுக்கும் நண்பர்களுக்கும்,

கடவுளோடு செய்த உடன்படிக்கையைச் சபையாகப் புதுப்பிக்கும் உடன்படிக்கை ஆராதனைக்கு முந்திய சனிக்கிழமை நடந்த ஞானப்பாட்டு மாலையில் கோயிலே சேர்ந்து பாடியது. பாடற்குழு பாட மற்றவர்கள் கேட்டிருக்கும் கச்சேரியாக அது ஆகிவிடக் கூடாது என்பதுதான் தொடக்கத்திலிருந்தே எங்கள் கவலை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1761இல் பாடுவோருக்கு எழுதி வைத்த ஏழு விதிகளில் மூன்றாவது, எல்லோரும் பாட வேண்டும் என்பது. சிறு பலவீனமோ களைப்போ அதற்குத் தடையாகக் கூடாது என்றும் அவர் சேர்த்து எழுதினார். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்த காலத்திலிருந்து இந்தக் கிழக்குக் கரையில் வேரூன்றிய மரபு இது. ஆனால் எல்லோரும் வாய் திறக்க வேண்டுமென்றால் சிலர் முன்கூட்டியே நிறைய வேலை செய்து வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களுக்கே இந்த மடல்.

ஆர்மோனியம் திருத்தித் தந்த ஐயாவுக்கு முதல் நன்றி. மாரி காலத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்துக்கு இரண்டு நோய் வரும். கட்டையை அழுத்தாமலே ஒரு சுரம் ஊதிக்கொண்டிருப்பது ஒன்று. ஈரத்தில் மரம் உப்பிக் கட்டை இறுகியிருக்கும். இல்லையென்றால் காற்றுவாயை மூடும் பலகையின் தோலுக்கடியில் தூசி சிக்கியிருக்கும். கட்டையை அழுத்தியும் சுரம் வராமல் வெறுங்காற்றுச் சீறுவது மற்றது. காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் ரீட்டின் பித்தளை நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு; ஒரு நூல் தும்பு போதும் அதை அடைக்க. ஐயா ரீடுகளைக் கொக்கியால் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்து, மெல்லிய தூரிகையால் அடியிலிருந்து நுனிப்பக்கமாகத் துடைத்து, எடுத்த துளையிலேயே திரும்பச் செருகினார். நாக்கை நகத்தால் தூக்கிப் பார்க்க யாரையும் அவர் விடவில்லை. வளைந்த நாக்கு பழைய குரலுக்குத் திரும்புவது அரிது. சுருதி பார்த்தது கடைசியில்தான். அழுக்குப் படிந்த ரீடு சுருதி இறங்கித்தான் ஒலிக்கும். அழுக்கை எடுக்காமல் நுனியைச் சுரண்டிச் சுருதி ஏற்றினால், பின்னால் துடைக்கும்போது அது அளவுக்கு மேல் ஏறி நிற்கும். அடியைச் சுரண்டி இறக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு சுரண்டலிலும் பித்தளை மெலிகிறது. துருத்தி மடிப்பில் வெடித்திருந்த இடத்துக்கு மெல்லிய ஆட்டுத்தோலை வச்சிரப் பசையால் ஒட்டினார். மடிந்து விரியும் இடத்தில் பிளாஸ்டிக் ஒட்டுநாடா நிற்காது.

டோ, ரே, மீ சுரங்களை எழுத்தால் குறிக்கும் சொல்ஃபா முறையைக் கற்றுத்தந்த சங்கீத ரீச்சருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பழைய பிரதிகளைப் போட்டோக் கொப்பி எடுக்கும்போது முதலில் மறைவது எழுத்தல்ல, எழுத்தின் தோளில் நிற்கும் சிறு கோடு. மேல் ஸ்தாயியைக் காட்டும் அந்தக் கோடு போனால் பாடுகிறவர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுவார். அரைத்தட்டைக் காட்டும் புள்ளியும் அப்படித்தான். அது மறைந்தால் இரண்டு சுரத்தில் எது நீளம் என்று தெரியாது. ரீச்சர் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டு நான்கு குரல்களுக்கும் அவற்றைப் பேனாவால் திரும்பப் போட்டுத் தந்தார். சுருதியையும் அவரே முடிவு செய்தார். “கேள்! ஜென்மித்த ராயர்க்கே” பாட்டின் ஆங்கில மூலம் ஜோனின் தம்பி சார்ல்ஸ் வெஸ்லி 1739இல் வெளியிட்டது. இன்று நாம் பாடும் மெட்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1840இல் வேறொரு விழாவுக்கு எழுதியது. ஆங்கிலேய இசைக்கலைஞர் வில்லியம் கம்மிங்ஸ் 1855இல் இரண்டையும் இணைத்தார். அந்த மெட்டின் உச்சம் ‘லா’. ஐந்து கட்டைச் சுருதியில் (G) எடுத்தால் அது மேல் ஸ்தாயி மூன்று கட்டைச் சுரத்தில் (E) போய் முட்டும். ஆண்களில் பாதிப்பேர் அங்கே வாயை மூடிவிடுவார்கள். நான்கு கட்டைக்கு இறக்கினால் உச்சமும் ஒரு முழுச் சுரம் இறங்கிவிடும். சொல்ஃபாவில் இதற்கு எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை, ‘டோ’ நிற்கும் இடத்தை மாற்றினால் போதும். இவ்வளவு வசதியான எழுத்துமுறையை இளையவர்கள் கைவிட்டுவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பாட்டுத்தாள்களைச் சரிபார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும் நன்றி. 8.6.8.6 என்றும் 7.7.7.7 என்றும் பாட்டின் தலையில் போடுவது வரிக்கு வரி வரும் அசைகளின் எண்ணிக்கை. இது யாப்பிலக்கணத்து அசையல்ல. ஓர் உயிரொலி ஓர் அசை. எண்ணிக்கை ஒத்துவந்தால் எந்த மெட்டிலும் பாடலாம் என்று நினைப்பது தவறு. முதல் சரணம் அழகாக உட்காரும்; மூன்றாம் சரணத்தில் குறில் ஒன்று நெடுஞ்சுரத்தில் விழுந்து “மனம்” “மானம்” ஆகிவிடும். ஆகவே அவர் ஒவ்வொரு சரணத்தையும் மெட்டோடு வாய்விட்டுப் பாடிப் பார்த்தார். குறில் நீளும் இடங்களில் அந்தச் சுரத்தை இரண்டாகப் பிரித்து, அடுத்த அசையை முன்னே கொண்டுவரச் சொன்னார். “துத்யம்” என்று அச்சிலிருப்பதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் “துத்தியம்” ஆக்கினால் ஏழு அசை எட்டாகிவிடும் என்று தட்டச்சு செய்த தங்கைக்குக் காட்டிக் கொடுத்தவரும் அவரே. கண் மங்கியவர்களுக்காக 18 புள்ளி எழுத்தில் தனித்தாள் அடித்த அந்தத் தங்கை, ‘லிடியா’ போலக் கடைசி வரியைத் திருப்பிப் பாடும் மெட்டுகளில் அந்த வரியை இரண்டாம் முறையும் முழுதாக அடித்திருந்தார். அது இல்லையென்றால் பாதிச் சபை நிறுத்திவிடும், மீதிச் சபை தொடரும்.

ஆர்மோனியம் வாசித்த அண்ணை சபைக்காகக் காத்து நிற்கவில்லை. அதற்காகவே அவருக்குத் தனி நன்றி. பாட்டு இழுபடுவது பெரும்பாலும் இப்படித்தான்: சபை வாத்தியத்துக்குக் காத்திருக்கும், வாத்தியம் சபைக்குக் காத்திருக்கும், சரணத்துக்குச் சரணம் வேகம் குறையும். ஜோன் வெஸ்லியின் ஆறாவது விதியே இந்த இழுவைக்கு எதிரானது. வரி முடிவில் மூச்சுக்கு ஒரு தட்டு, சரணங்களுக்கிடையில் ஒரு முழுத் தாளச்சுற்று என்று அண்ணை முதல் பாட்டிலேயே பழக்கிவிட்டார். இரண்டாம் பாட்டிலிருந்து சபை தானாக எடுத்தது.

தாள் இல்லாமல் ஒரு பாட்டு, இரண்டிரண்டு வரியாகச் சொல்லக் கேட்டுப் பாடினோம். புத்தகம் வாங்க வசதியும் எழுத்தறிவும் குறைந்திருந்த 18ஆம் நூற்றாண்டு மெதடிஸ்தக் கூட்டங்கள் இப்படித்தான் பாடின. சொல்லிக்கொடுத்த அக்கா, முந்திய வரியின் கடைசிச் சுரம் காதில் இருக்கும்போதே அதே சுருதியில் அடுத்ததைச் சொன்னார். இடைவெளி விட்டுப் பேச்சுக் குரலில் சொல்லியிருந்தால் சுருதி ஒவ்வொரு முறையும் சரிந்திருக்கும்.

முன்வரிசை இருக்கைகளை விட்டு, சபை நடுவே வாங்குகளில் பரந்து உட்கார்ந்த பாடற்குழு அங்கத்தவர்களுக்கும் நன்றி. பக்கத்தில் ஒரு உறுதியான குரல் கேட்டால்தான் தயங்குகிறவரும் பாடுவார். மேடையில் வரிசையாக நின்று பாடும் பழக்கத்தை ஒரு மாலைக்கு விட்டுக்கொடுப்பது பயிற்சி பெற்றவர்களுக்கு எளிதல்ல. பிளேன்ரீ ஊற்றியவர்கள், வாங்கு சுமந்த வாலிபர் சங்கத்தார், நேரம் ஒதுக்கித் தந்த போதகர் ஐயா, எல்லோருக்கும் எங்கள் அன்பு.

மறுநாள் உடன்படிக்கை ஆராதனையில், அதற்காகவே சார்ல்ஸ் வெஸ்லி எழுதி 1762இல் வெளிவந்த பாட்டைத் தாளைப் பாராமல் பலர் பாடினார்கள்.

சொல்ஃபாத் தாள்கள் குரல்வாரியாகக் கட்டப்பட்டு ஆயத்த அறை அலுமாரியில் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் பாடிப் பழகிவிட்டுத் திருப்பித் தாருங்கள். ஆர்மோனியத்தை வாரத்தில் ஒரு நாளாவது யாராவது எல்லாக் கட்டையும் அழுத்தி வாசித்து வைத்தால், அடுத்த மாரிக்கு ஐயாவுக்கு வேலை குறையும்.

கிறிஸ்துவின் அன்பில்,
பாடற்குழுவினர்